மனநல டீம்ல இருக்கவங்களுக்கு: கை மாறுற இடத்துல பேஷண்ட் நழுவாம பாத்துக்கறது எப்படி

மாசாமாசம் வந்து ஊசி போட்டுட்டுப் போற ஒரு அண்ணன், நாப்பது வயசுக்கு மேல, ஸ்கிசோஃப்ரினியா (இல்லாத குரல் கேக்கறது, காரணமில்லாத சந்தேகம்னு வர்ற மனநோய்), ஆனா ஆறு வருஷமா நல்லா இருந்தவரு, செங்கல் சூளைக்கு வேலைக்குப் போயி வீட்டுக்கு காசு கொண்டாந்து குடுத்தவரு. ஒரு மாசம் அவரு ஓபிக்கு வரல. சிஸ்டர் ரிஜிஸ்டர்ல அவரு பேருக்கு நேரா "வரவில்லை"ன்னு எழுதிட்டு நான் போன் பண்ணிக்குவேன்னு நினைச்சாங்க. நான் சிஸ்டர் பண்ணிருப்பாங்கன்னு நினைச்சேன், ஊசி லிஸ்ட் அவங்ககிட்டதானே இருக்கு. டாக்டர் சார் அன்னிக்கு எழுபது பேரப் பாத்தாரு, வந்தவங்களப் பாக்கவே நேரம் பத்தல, வராதவங்க அவரு கண்ணுல எப்படி படுவாங்க. அடுத்த மாசம் ஒரு ராத்திரி பதினோரு மணிக்கு அந்த அண்ணன கைய துண்டால கட்டி ஆட்டோல கொண்டு வந்தாங்க. அவங்க அம்மா என்னப் பாத்து ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க, "ஒரு போன் பண்ணிருக்கலாமேம்மா?"

அன்னிக்கு நாங்க மூணு பேருமே உழைச்சுட்டுதான் இருந்தோம், யாரும் சும்மா உக்காந்திருக்கல. ஆனா சிஸ்டர் கைக்கும் என் கைக்கும் நடுவுல அவரு விழுந்துட்டாரு. 13 வருஷமா சோஷியல் ஒர்க்கரா இருக்கேன், நான் பாத்த வரைக்கும் மருந்து தப்பா எழுதி கெட்டுப்போனத விட இப்படி கை மாறும்போது கெட்டுப்போனதுதான் ஜாஸ்தி. புதுசா டீம்ல சேர்றவங்க, சின்ன ஆஸ்பத்திரில ரெண்டு மூணு பேரா சமாளிக்கறவங்க, உங்களுக்காகத்தான் இத எழுதறேன், நாங்க பண்ணிப் பாத்து நின்னத மட்டும் சொல்றேன்.

மொதல்ல ஒரு விஷயம். நம்ம மாவட்ட மனநலத் திட்டம் 1996ல வந்தது, அதுக்கு முன்னாடி நிமான்ஸ்ல (பெங்களூரு மத்திய அரசு மனநல ஆஸ்பத்திரி) இருந்து கர்நாடகாவோட பெல்லாரி மாவட்டத்துல போயி செஞ்சு பாத்த மாடல்தான் அதுக்கு அடிப்படை. அந்த மாடலே டீம நம்பித்தான் போட்டது. ஒரு மனநல டாக்டர் ஒரு மாவட்டத்த முழுசா பாக்க முடியாது, அதனால சைக்காலஜிஸ்ட், சோஷியல் ஒர்க்கர், நர்ஸ், ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர், கிராமத்து நர்ஸ்னு எல்லாரும் சேந்து சுமக்கணும்னுதான் யோசிச்சாங்க. டீம் சரியில்லன்னா அந்தத் திட்டத்துல மிஞ்சறது ஒரு வேனும் ஒரு மாத்திரை டப்பாவும்தான்.

ஒவ்வொரு பேஷண்ட்டுக்கும் நேரா ஒரு ஆள் பேரு

இது ஒண்ணு மட்டும் பண்ணாலே பாதி பிரச்சனை தீரும். ஓபி ரிஜிஸ்டர்ல கடைசியா ஒரு காலம் கோடு போடுங்க, அதுல "யாரு பொறுப்பு"ன்னு டீம்ல ஒருத்தர் பேர எழுதுங்க. "சோஷியல் ஒர்க் டீம்"னு எழுதக்கூடாது, "நர்சிங்"னு எழுதக்கூடாது, ஆள் பேரு வேணும். பொறுப்புன்னா எல்லா வேலையும் அவங்களே செய்யணும்னு இல்ல, இந்த பேஷண்ட் வந்தாரா, மருந்து போச்சா, ரத்த டெஸ்ட் ரிசல்ட்ட யாராவது கண்ணால பாத்தாங்களான்னு கேக்க வேண்டிய ஆள் அவங்கதான், அவ்வளவுதான்.

ரத்த டெஸ்ட்டு ஏன் சொல்றேன்னா, க்ளோசபின் (மத்த மருந்துக்கு அடங்காத ஸ்கிசோஃப்ரினியாவுக்கு குடுக்கற மாத்திரை) ஆரம்பிச்ச பேஷண்ட்டுக்கு முதல் 18 வாரம் வாராவாரம் வெள்ளை அணுக்கள் எண்ணிக்கை பாக்கணும், அது குறைஞ்சா உயிருக்கே ஆபத்து. டாக்டர் எழுதிக் குடுப்பாரு, சிஸ்டர் ரத்தம் எடுப்பாங்க, லேப்ல ரிப்போர்ட் அடிச்சு வைப்பாங்க, அந்த ரிப்போர்ட் ரெண்டு நாள் லேப் ஜன்னல்லயே கிடக்கும். எல்லாரும் அவங்க பங்கு செஞ்சாச்சு, பாக்க வேண்டியத யாரும் பாக்கல. அதனால "டெஸ்ட் எழுதியாச்சு"ன்னு முடிக்காதீங்க, "ரிசல்ட்ட இன்னார் புதன்கிழமை மதியத்துக்குள்ள பாத்து டாக்டர்கிட்ட சொல்றாங்க"ன்னு முடிங்க.

ஓபி முடிஞ்சதும் வேன்ல ஏறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் ரிஜிஸ்டர வெச்சு நில்லுங்க. வராதவங்க பேர ஒருத்தர் சத்தமா வாசிக்கணும், ஒவ்வொரு பேருக்கும் யாரு போன் பண்றது, என்னைக்குள்ளன்னு அங்கயே எழுதணும். ஊசி போடறவங்கள மொதல்ல வாசிங்க, அடுத்து க்ளோசபின், லித்தியம், அப்புறம் போன தடவ சாகணும்னு பேசினவங்க. எல்லாரும் பசியோட இருப்பீங்க, டிரைவர் அண்ணன் ஹாரன் அடிப்பாரு, பரவால்ல நில்லுங்க. இன்னொண்ணு, போன் நம்பர் எப்பவும் ரெண்டு வாங்கி வைங்க, ஒண்ணு வீட்டாளு, இன்னொண்ணு பக்கத்து வீடோ மளிகைக் கடையோ (பேஷண்ட்ட கேட்டுட்டுதான்). நம்ம பேஷண்ட் வீடுகள்ல ரீசார்ஜ் பண்ண காசில்லாம நம்பர் செத்துப்போறது சர்வசாதாரணம். கடைக்காரர்கிட்ட "ஆஸ்பத்திரில இருந்து பேசறோம், வீட்டுல யாரையாவது கூப்பிடச் சொல்லுங்க"ன்றதுக்கு மேல ஒரு வார்த்தை வேண்டாம்.

காலை மீட்டிங்ல மொதல்ல பேச வேண்டியது யாரு

வார்டு இருக்கற எடத்துல காலைல பதினஞ்சு நிமிஷம் நின்னுக்கிட்டே பேசுங்க. உக்காந்தா டீ வரும், டீ வந்தா ஒரு மணி நேரம் ஆயிடும். வரிசை மட்டும் தலைகீழா இருக்கணும்: ராத்திரி டியூட்டி சிஸ்டரும் வார்டு அக்காவும் மொதல்ல, அப்புறம் சோஷியல் ஒர்க்கர், சைக்காலஜிஸ்ட், கடைசியா டாக்டர். டாக்டர் மொதல்ல "இவரு நல்லா இருக்காரு, நாளைக்கு டிஸ்சார்ஜ்"னு சொல்லிட்டா அதுக்கப்புறம் வார்டு அக்கா வாயத் திறப்பாங்களா?

ஒரு சம்பவம் சொல்றேன். லித்தியம் மாத்திரை சாப்பிட்டுட்டிருந்த ஒரு அம்மா, பைபோலார் (மனசு ஒரேயடியா ஏறி இறங்கற நோய்), கிட்டத்தட்ட சரியாயி வீட்டுக்குப் போக வேண்டிய நிலைமை. ரவுண்ட்ஸ்ல கேட்டா "நல்லா இருக்கேன் சார்"னு சிரிப்பாங்க. வார்டு அக்காதான் காபி ஊத்தறவங்க, அவங்க பாத்தது என்னன்னா அந்த அம்மா ரெண்டு நாளா டம்ளர ரெண்டு கையாலயும் புடிக்கறாங்க, அப்பவும் காபி தளும்பி சேலைல கொட்டுது, கொட்டினத முந்தானையால மூடிக்கறாங்க, பாத்ரூம் போகும்போது செவுத்தப் புடிச்சு நடக்கறாங்க. அக்கா இத மீட்டிங்ல சொன்னாங்க, சொல்லும்போதே "எனக்கென்ன தெரியும், வயசாயிடுச்சோ என்னமோ"ன்னு தயங்கித் தயங்கிதான் சொன்னாங்க. டாக்டர் அப்பவே லித்தியத்த நிறுத்தி ரத்தத்துல அதோட லெவல் பாக்கச் சொன்னாரு, ஏறிக் கிடந்தது. விசாரிச்சா மூட்டு வலிக்கு மக வெளிய மெடிக்கல்ல டைக்ளோஃபெனாக் வாங்கிக் குடுத்திருக்கா, அந்த மாதிரி வலி மாத்திரை லித்தியத்த ரத்தத்துல ஏத்திவிடும், அது போக சித்திரை வெயில்ல வேத்துக் கொட்டி தண்ணியும் சரியா குடிக்கல. இன்னும் நாலு நாள் போயிருந்தா கிட்னி, மூளைன்னு எங்க போயி நின்னிருக்குமோ. அந்த அம்மாவ காப்பாத்துனது அந்த டம்ளரப் பாத்த கண்ணும் அத நம்பிக் கேட்ட டாக்டரோட காதும்தான்.

அதனால சீனியர்களுக்கு ஒரு வேண்டுகோள், யாராவது ஒண்ணு சொல்லி அது ஒண்ணுமில்லாம போனாலும் "சொன்னது நல்லது அக்கா"ன்னு எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. ஏமி எட்மண்ட்சன்னு ஒரு ஆராய்ச்சியாளர் 1990கள்ல அமெரிக்க ஆஸ்பத்திரிகள்ல நர்சிங் டீம்கள ஆராய்ச்சி பண்ணாங்க, நல்ல டீம்ல மருந்துத் தப்பு கம்மியா இருக்கும்னு நினைச்சுப் போனா நல்ல டீம்லதான் தப்பு ஜாஸ்தி பதிவாயிருந்துச்சு. அங்க பயமில்லாம சொன்னாங்கன்றதுதான் அவங்க கண்டுபிடிச்சது. உங்க வார்டுல ஒரு வருஷமா தப்பே ரிப்போர்ட் ஆகலன்னா சந்தோஷப்படாதீங்க, கொஞ்சம் கவலைப்படுங்க.

ஹேண்ட் ஓவர், கேஸ் ஷீட்

ஷிஃப்ட் மாறும்போது நாலு விஷயம் போதும். யாரு, இப்ப என்ன நடக்குது, இதுக்கு முன்னாடி எப்படி இருந்தாரு, அடுத்து நீங்க என்ன பண்ணணும். நாலாவதத்தான் எல்லாரும் விட்டுடுவோம். "ராத்திரி தூங்கல"ன்னு சொல்லிட்டுப் போனா அடுத்த சிஸ்டர் என்ன பண்ணுவாங்க பாவம், "ரெண்டு ராத்திரியா தூங்கல, இன்னிக்கும் பன்னெண்டு மணிக்கு மேல முழிச்சிருந்தா டியூட்டி டாக்டர கூப்பிடுங்க"ன்னு சொன்னாதான் அது ஹேண்ட் ஓவர்.

எழுதும்போது பட்டம் கட்டாதீங்க, கண்ணால பாத்தத எழுதுங்க. "மூர்க்கமானவர்"னு ஒருத்தர் எழுதிட்டா அந்த வார்த்தை பத்து வருஷம் அந்த ஃபைல்ல ஒட்டிக்கிட்டே போகும், அடுத்து பாக்கறவங்க எல்லாம் ரெண்டடி தள்ளி நின்னுதான் பேசுவாங்க. "சாப்பாடு லேட்டானப்ப தட்டத் தரைல அடிச்சாரு, அவரு அக்கா வந்து பேசினதும் உக்காந்துட்டாரு"ன்னு எழுதிப் பாருங்க, அதுலயே வைத்தியமும் இருக்கு, அக்கா வந்தா அடங்குவாருன்னு அடுத்தவங்களுக்குத் தெரிஞ்சிடும். "ஒத்துழைக்கவில்லை"ன்ற வார்த்தையும் அப்படித்தான், மாத்திரை போட்டா வேலைல தூக்கம் வருதுன்னு விட்டவரும் பஸ் காசு இல்லாம விட்டவரும் ஒண்ணா?

கருத்து வேறுபாடு வரும், வரணும்

டாக்டர் மருந்த கூட்டணும்னு சொல்வாரு, சைக்காலஜிஸ்ட் மேடம் இது மருந்துல தீராது வீட்டுப் பிரச்சனைன்னு சொல்வாங்க, ரெண்டு பேர் சொல்றதுலயும் உண்மை இருக்கும். தப்பு எப்ப நடக்கும்னா பேஷண்ட் முன்னாடி ஒருத்தர ஒருத்தர் வெட்டிப் பேசும்போது. "அந்த மேடம் மாத்திரை வேணாம்னாங்க"ன்னு வீட்டுல போயி மொத்தமா நிறுத்திடுவாங்க. கதவ சாத்திட்டு எவ்வளவு வேணா சண்டை போடுங்க, வெளிய வரும்போது ஒரே பேச்சா வாங்க.

சின்னவங்க டாக்டர்கிட்ட மாத்துக் கருத்து சொல்லணும்னா எனக்கு ஒத்துவந்த வழி இது: பாத்தத சொல்லு, எதுக்கு பயப்படறேன்னு சொல்லு, என்ன வேணும்னு கேளு. "சார், அந்தப் பையன் நேத்து அவன் வாட்ச்ச பக்கத்து பெட் ஆளுக்கு குடுத்துட்டான், உயிர விட நினைக்கிறானோன்னு எனக்கு பயமா இருக்கு, டிஸ்சார்ஜுக்கு முன்னாடி இன்னொரு தடவ தனியா பேசுறீங்களா?" இப்படிக் கேட்டா கோவப்படற டாக்டர நான் ரொம்ப கம்மியாத்தான் பாத்திருக்கேன். ஒரு தடவ கேக்கலன்னா இன்னொரு தடவ சொல்லுங்க, அப்பவும் இல்லன்னா கேஸ் ஷீட்ல எழுதி வைங்க. மரியாதையும் உறுதியும் சேந்தே இருக்கலாம்.

வாட்ஸ்அப் குரூப்ப பத்தி கொஞ்சம்

இப்ப எல்லா டீமுக்கும் குரூப் இருக்கு, வசதிதான், ஆனா மனசு பதறுது சில மெசேஜ பாக்கும்போது. பேஷண்ட் போட்டோ, முழுப் பேரு, ஊரு, வியாதின்னு எல்லாம் ஓடுது. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்துல 23ஆவது பிரிவு ரகசியத்த பேஷண்ட்டோட உரிமைன்னே சொல்லுது. வைத்தியம் பாக்கற மத்த மனநல ஊழியர்களுக்கு தேவையான அளவு சொல்லலாம், யாருக்காவது ஆபத்துன்னா சொல்லலாம், ஆனா முப்பது பேர் இருக்கற குரூப்ல அதுல பாதிப் பேருக்கு சம்பந்தமே இல்லாதப்ப போடறது வைத்தியம் இல்ல. ஓபி நம்பர மட்டும் போடுங்க, மத்தத போன்ல பேசுங்க. அவசரத்த எப்பவும் குரூப்ல போடாதீங்க, நீல டிக் விழுந்தா யாரோ பாத்துக்கறாங்கன்னு எல்லாரும் நினைச்சுப்போம், அந்த அண்ணன் விஷயத்துல நடந்த அதே கதைதான். அவசரம்னா ஒருத்தருக்கு போன், அவங்க "சரி நான் பாத்துக்கறேன்"னு வாயால சொல்லணும்.

டிஸ்சார்ஜ்

வார்டுல இருந்து வீட்டுக்குப் போன முதல் ஒண்ணு ரெண்டு வாரம்தான் தற்கொலை ஆபத்து ரொம்ப ஜாஸ்தியான காலம், பல நாட்டு ஆராய்ச்சிலயும் இது திரும்பத் திரும்ப வந்திருக்கு. ஆனா நம்ம பழக்கம் ஒரு மாச மாத்திரைய மொத்தமா கைல குடுத்து "அடுத்த மாசம் வாங்க"ன்றது. டிஸ்சார்ஜ் அன்னிக்கே மூணாவது நாள் யாரு போன் பண்றதுன்னு முடிவு பண்ணுங்க, அந்த ஆள் டிஸ்சார்ஜுக்கு முன்னாடி பேஷண்ட்ட நேர்ல பாத்து "நான்தான் கூப்பிடுவேன்"னு முகம் காட்டிடணும். ஆபத்து இருக்கவங்களுக்கு மாத்திரைய வாரத்துக்கு ஒரு தடவையா குடுங்க, பெட்டி வீட்டுல யாரு கைல இருக்கும்னு பேசிடுங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு நம்மள கூப்பிட முடியாது, அதனால 2022ல தொடங்கின டெலி மானஸ் (அரசாங்கத்தோட மனநல உதவி போன்) நம்பர், 14416, சீட்டுல பெருசா எழுதிக் குடுங்க.

அனுப்பறதுக்கு முன்னாடி அவங்க ஊரு பக்கத்து சுகாதார நிலையத்து பார்மஸிஸ்ட்டுக்கு ஒரு போன் போட்டு அந்த மாத்திரை ஸ்டாக் இருக்கான்னு கேளுங்க. நாம இங்க பாத்துப் பாத்து ரெண்டு மாசம் சரிபண்ணி அனுப்புவோம், அங்க போனா மருந்து இருக்காது, மூணு தடவ திரும்பி வந்துட்டு நாலாவது தடவ போகமாட்டாங்க. பார்மஸிஸ்ட்ட யாரும் டீம்ல சேக்கறதே இல்ல, சேருங்க, மாத்திரை வாங்க வராதது மொதல்ல அவங்களுக்குத்தான் தெரியும். மக்களைத் தேடி மருத்துவம் ஊழியர்கள் சுகர் மாத்திரை குடுக்க வீட்டுக்கே போறாங்க, அவங்ககிட்டயும் பழகி வைங்க, ஆனா அவங்ககிட்ட எவ்வளவு சொல்லலாம்ன்றத பேஷண்ட்ட கேட்டுட்டு சொல்லுங்க.

அப்புறம் எமர்ஜென்சி வார்டு. எலி பேஸ்ட், சாணிப்பவுடர், பூச்சிமருந்து குடிச்சிட்டு வர்றவங்கள அங்க உயிரக் குடுத்துக் காப்பாத்தறாங்க, உடம்பு தேறினதும் நம்மகிட்ட அனுப்பாமயே வீட்டுக்கு அனுப்பிடறாங்க. போலீஸ் கேஸ் ஆயிடும்னு வீட்டுல உள்ளவங்களும் "தெரியாம குடிச்சிட்டா"ன்னு மறைப்பாங்க. அதே 2017 சட்டத்தோட 115ஆவது பிரிவுப்படி தற்கொலைக்கு முயற்சி பண்ணவங்க கடுமையான மன அழுத்தத்துல இருந்ததாத்தான் எடுத்துக்கணும், தண்டிக்கக் கூடாது, அரசாங்கம் வைத்தியம் குடுக்கணும். இத எமர்ஜென்சி டாக்டர், சிஸ்டர், அங்க இருக்கற போலீஸ்காரர் மூணு பேர்கிட்டயும் நேர்ல போயி சொல்லுங்க. லெட்டர் அனுப்பினா வேலைக்காகாது. நாங்க ஒரு சிஸ்டர தினமும் காலைல ஒம்பது மணிக்கு அங்க ஒரு ரவுண்ட் போக வெச்சோம், அதுக்கப்புறம்தான் பேஷண்ட்ங்க எங்ககிட்ட வர ஆரம்பிச்சாங்க.

வீட்டாளுங்க, வெளி ஆளுங்க

1950கள்ல அம்ரித்சர் மனநல ஆஸ்பத்திரில டாக்டர் வித்யா சாகர் பேஷண்ட்டோட குடும்பத்தையும் வளாகத்துலயே கூடாரம் போட்டுத் தங்க வெச்சாரு, நம்ம வேலூர் சி.எம்.சி.லயும் குடும்பம் கூட இருந்து பாத்துக்கற முறை ரொம்ப காலமா இருக்கு. நம்ம ஊர்ல இது புதுசே இல்ல, ஆனா டிஸ்சார்ஜ் அன்னிக்கு கூட்டிட்டுப் போக மட்டும்தான் வீட்டாள தேடறோம். மீட்டிங்ல பேஷண்ட்டையும் வீட்டாளையும் வாரத்துக்கு ஒரு தடவையாவது உக்கார வைங்க. யார உக்கார வைக்கறதுன்றத பேஷண்ட்தான் சொல்லணும், சட்டப்படி தன் பிரதிநிதி யாருன்னு அவரே நியமிக்கலாம், அது புருஷனாவோ அண்ணனாவோதான் இருக்கணும்னு இல்ல, கூட வேலை பாக்கற தோழியா கூட இருக்கலாம்.

வெளி ஆளுங்கன்னா கோயில் பூசாரி, தர்கா, சர்ச்ல ஜெபம் பண்றவங்க. நிறைய டாக்டருங்களுக்கு இவங்க மேல கோவம், அந்தக் கோவத்துக்கு காரணமும் இருக்கு. 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி தர்கா பக்கத்துல மனநோயாளிங்கள வெச்சிருந்த ஒரு காப்பகத்துல சங்கிலியால கட்டிப்போட்டிருந்த 28 பேர் தீயில செத்துப்போனாங்க, ஓடக்கூட முடியாம. அத மறக்கவே கூடாது, சங்கிலி இன்னிக்கு சட்டப்படி குத்தம். ஆனா அதே ஏர்வாடிலதான் அதுக்கப்புறம் தர்கா பக்கத்துலயே அரசு மனநல சிகிச்சையும் வந்துச்சு, தொழுகையும் நடக்கும் மருந்தும் குடுப்பாங்க. ஜனங்க நம்பிப் போற எடத்துக்கு நாம போனா அவங்க நம்மள நம்புவாங்க. உங்க ஏரியால அப்படி ஒரு எடம் இருந்தா போயி உக்காந்து பேசுங்க, திருநீறு வேணாம்னு சொல்லாதீங்க, மாத்திரையும் சேத்து போடச் சொல்லுங்கன்னு கேளுங்க. எங்க பக்கத்து பூசாரி ஒருத்தர் இப்ப அவரே போன் பண்ணி "ஒரு பொண்ணு வந்திருக்கு, இது என் கைல இல்ல, உங்க கேஸு"ன்னு சொல்றாரு.

டீமுக்கே அடி விழுந்தா

ஒரு பேஷண்ட் தற்கொலை பண்ணிக்கிட்டா, இல்ல ஸ்டாஃப் மேல கை வெச்சா, அன்னிக்கே டீம் எல்லாரும் கொஞ்ச நேரம் ஒண்ணா உக்காருங்க. யாரு தப்புன்னு அன்னிக்கு பேசக்கூடாது. யாரு சாப்பிடல, யாரு வீட்டுக்கு தனியா வண்டி ஓட்டிட்டுப் போகக்கூடாது, குடும்பத்துகிட்ட யாரு பேசறதுன்றது மட்டும் போதும். என்ன நடந்துச்சு, எந்த எடத்துல விட்டோம்ன்றத ஒரு வாரம் கழிச்சு ரிஜிஸ்டர வெச்சுக்கிட்டு பேசுங்க, அப்பவும் "யாரு"ன்னு தொடங்காம "எந்த எடத்துல"ன்னு தொடங்குங்க. ஒரு சிஸ்டர், பேஷண்ட் இறந்து ரெண்டு வருஷம் கழிச்சு என்கிட்ட அழுதாங்க, அன்னிக்கு ராத்திரி டியூட்டி அவங்களோடது, ரெண்டு வருஷமா யாருமே அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கல.

அந்த செங்கல் சூளை அண்ணன் மூணு மாசம் கழிச்சு வேலைக்குத் திரும்பிட்டாரு. அவரு ஊசி ஓபி மாசத்துல ரெண்டாவது செவ்வாய், ரிஜிஸ்டர்ல அவரு பேருக்கு நேரா என் பேரு இருக்கு. பதினொண்ணரை மணிக்கு அவரு வரலன்னா நான் போன எடுத்துடுவேன், பல தடவ "பஸ்ல வந்துட்டிருக்கேன்மா"ன்னுதான் சொல்வாரு.